கறுப்புக் காயில் டிராக்ஸ்லர் ஆடி 10 மூவில் மேட்: இனியும் இதையே ஆடலாமா?

சி5பிஷப் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு ஒரு ரேபிட் செஸ் போட்டியில் மூன்றாவது ரவுண்ட். ஆளுக்கு 15 நிமிடம், மூவுக்கு 10 விநாடி கூடுதல். எனக்குக் கறுப்பு, ஆடியது டிராக்ஸ்லர் டிஃபென்ஸ் (கறுப்பு ஆடும் ஒரு தொடக்க ஆட்ட முறை). எதிரே உட்கார்ந்தவருக்கு என்னைவிட ரேட்டிங்கில் 200 புள்ளிக்கு மேல் அதிகம். பத்தாவது மூவில் மேட் வைத்தேன். நான் ஆடியதிலேயே இதுதான் மிகச் சின்ன ஆட்டம், எனக்கு மிகப் பிடித்த ஆட்டமும் இதுதான். ஆனால் அன்று இரவே அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் போட்டுவிடுகிறேன் (வெள்ளை முதலில், கறுப்பு அடுத்து; × என்றால் வெட்டு, + என்றால் செக், வெறும் கட்டத்தின் பெயர் என்றால் சிப்பாய்; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் மூவ்).

1. இ4 – இ5
2. குதிரை எஃப்3 – குதிரை சி6
3. பிஷப் சி4 – குதிரை எஃப்6
4. குதிரை ஜி5 – பிஷப் சி5
5. குதிரை×எஃப்7 – பிஷப்×எஃப்2+
6. ராஜா×எஃப்2 – குதிரை×இ4+
7. ராஜா இ3 – ராணி ஹெச்4
8. குதிரை×ஹெச்8 – ராணி எஃப்4+
9. ராஜா டி3 – குதிரை பி4+
10. ராஜா இ2 – ராணி எஃப்2 மேட்

எனக்கு 43 வயது. மகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று 36 வயதில் செஸ் கற்றுக்கொண்டேன். அவள் இரண்டு வருடத்தில் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. கறுப்பில் ஆடும்போது என் பெரிய பயமே அந்த நாலாவது மூவ்தான், குதிரை ஜி5. எஃப்7 கட்டத்தைக் குதிரையும் பிஷப்பும் சேர்ந்து குறிவைக்கும். அதைக் காக்க என் ராஜாவைத் தவிர ஆள் கிடையாது. நான் டி5 போடுவேன், அவர்கள் இ×டி5 வெட்டுவார்கள், நான் குதிரையால் திருப்பி வெட்டுவேன், உடனே குதிரை எஃப்7-இல் வந்து விழும். ஃபிரைட் லிவர் என்கிறார்களே, அதேதான். ராஜாவை இ6-க்கு இழுத்துவைத்து அடிப்பார்கள். இப்படி மூன்று தடவை தோற்றேன். மூன்றாவது தடவை என்னைத் தோற்கடித்தது ஒரு ஒன்பது வயதுப் பையன். நன்றாகவே ஆடினான்.

அதற்குப் பிறகுதான் டிராக்ஸ்லர் கண்ணில் பட்டது. எஃப்7-ஐக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு, அவர்களுடைய எஃப்2-ஐ நாம் அடிப்பது! இரண்டு மாதம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி எழுதிப் படித்தேன். காலையில் சமையல் ஆகும்வரை பலகையை மேடை ஓரத்தில் வைத்துக்கொண்டு காய்களை நகர்த்துவேன்.

அன்றைக்கு அவர் குதிரையை ஜி5-இல் வைத்ததும் நான் உடனே பிஷப்பை சி5-க்குக் கொண்டுபோனேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எஃப்7 வெட்டினார். நான் எஃப்2-இல் பிஷப்பைக் கொடுத்தேன். அங்கேதான் யோசிக்க ஆரம்பித்தார், ஏழாவது மூவுக்கு மட்டும் நாலு நிமிடத்துக்கு மேல். ராஜா இ3-க்கு வந்ததும் எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் நோட்டில் அந்தப் பக்கத்தை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. ராணி ஹெச்4 என்பது மட்டும் நினைவிருந்தது. அவர் ஹெச்8 யானையை எடுத்தார். அதற்குப் பிறகு வந்த மூன்று மூவும் பலகையிலேயே கண்டுபிடித்தவை. குதிரை பி4 தெரிந்த அந்த நொடியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டி3 கட்டத்தை அது பூட்டுகிறது, எஃப்2-இல் ராணிக்கு இ4 குதிரை காவல் நிற்கிறது, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது.

கை கொடுத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இதுக்கு என்ன பேரு?" பெயரைச் சொன்னேன், எழுதி வாங்கிக்கொண்டார்.

இரவு எனக்குச் சொல்லிக்கொடுப்பவரிடம் ஆட்டத்தைக் காட்டினேன். செஸ் எஞ்சினைப் (கணினிப் புரோகிராமை) போட்டுப் பார்த்துவிட்டு, "அஞ்சாவது மூவில் பிஷப்பால் எஃப்7 வெட்டியிருந்தா நீங்க அவ்வளவுதான். இது ஓப்பனிங் இல்ல, பொறி. தூக்கிப் போடுங்க" என்றார். எஞ்சினும் அந்த இடத்தில் வெள்ளைக்கு ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவு சாதகம் காட்டுகிறது.

என் கேள்விகள் மூன்று. 5. பிஷப்×எஃப்7+ வந்தால் நான் உண்மையிலேயே தோற்ற நிலையா? ஏழாவது மூவில் ராஜா ஜி1 போயிருந்தால் என்ன செய்வது? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எதிராளி தப்பு செய்தால்தான் ஜெயிக்க முடியும் என்று தெரிந்தே ஒரு டிஃபென்ஸ் ஆடுவது சரியா?

---

எஃப்7காவல் பதில்:

வாழ்த்துகள் மேடம். காய் வைத்துச் சரிபார்த்தேன், சுத்தமான மேட். ஒன்பதாவது மூவில் அவர் ராஜாவை இ2-க்குக் கொண்டுபோயிருந்தாலும் தப்பியிருக்க முடியாது. 9. ராஜா இ2 – ராணி எஃப்2+, 10. ராஜா டி3 – குதிரை பி4+, 11. ராஜா×இ4 – ராணி எஃப்4 மேட். இ5-இல் நிற்கும் உங்கள் சிப்பாய்தான் டி4, எஃப்4 இரண்டு கட்டத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நோட்டில் அந்தச் சிப்பாயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.

அவர் யானையை எடுத்ததுதான் தவறு. புத்தகத்தில் அங்கே இருப்பது 8. ஜி3. அது வந்திருந்தால் சண்டை நீண்டிருக்கும்.

ராஜா ஜி1 பற்றி: 7. ராஜா ஜி1 – ராணி ஹெச்4, 8. ஜி3 – குதிரை×ஜி3. இங்கே ஹெச் சிப்பாயால் உடனே குதிரையை வெட்டினால் ராணி×ஜி3+, ராஜா எஃப்1, யானை எஃப்8 என்று உங்கள் தாக்குதல் பயங்கரமாகிவிடும். அதனால் 9. குதிரை×ஹெச்8. அப்போது 9... குதிரை டி4! இதை மட்டும் மறக்காதீர்கள், வெள்ளை ராணி எஃப்3-க்கு வரவிடாது. 10. ஹெச்×ஜி3 – ராணி×ஜி3+, 11. ராஜா எஃப்1 – ராணி எஃப்4+ என்று தொடர் செக்கில் டிரா. 200 புள்ளி மேலே இருப்பவரிடம் கறுப்பில் டிரா என்றால் நஷ்டமில்லை.

6. ராஜா எஃப்1 என்று ஒதுங்கினால் ராணி இ7, குதிரை×ஹெச்8, டி5, இ×டி5, குதிரை டி4. அது பெரிய கதை, தனியாகப் படிக்க வேண்டும்.

---

பழைய_ஸ்கோர்ஷீட் பதில்:

இந்த டிஃபென்ஸை ஆடுகிறவர்கள் அது யாருடைய பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. காரெல் டிராக்ஸ்லர், செக் நாட்டவர், கத்தோலிக்கப் பாதிரியார். செஸ் புதிர்கள் அமைப்பதில் பெயர் பெற்றவர். 1890-இல் ரைனிஷ் என்பவருக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய ஆட்டம்தான் இதற்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. அமெரிக்காவில் இதையே வில்க்ஸ்-பாரி என்று ஒரு ஊரின் பெயரால் சொல்வார்கள். எனக்குப் பாதிரியார் பெயர்தான் பிடிக்கும்.

அந்த ஆட்டம் உங்கள் ஆட்டம் மாதிரியே தொடங்குகிறது. 5. குதிரை×எஃப்7 – பிஷப்×எஃப்2+. ரைனிஷ் பிஷப்பை வெட்டவில்லை, 6. ராஜா இ2 என்று நகர்ந்தார். 6... குதிரை டி4+, 7. ராஜா டி3 – பி5, 8. பிஷப் பி3 – குதிரை×இ4. இங்கே டிராக்ஸ்லரின் ராணி டி8-இல் அப்படியே கிடக்கிறது, எஃப்7 குதிரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ரைனிஷ் எடுத்தார்: 9. குதிரை×டி8.

இப்போது பலகையை எடுத்து வைத்து நகர்த்திப் பாருங்கள், படித்தால் மட்டும் போதாது.

9... குதிரை சி5+, 10. ராஜா சி3 – குதிரை இ2+. ராணி போனதோடு ஒரு குதிரையும் போகிறது. 11. ராணி×இ2 – பிஷப் டி4+, 12. ராஜா பி4 – ஏ5+, 13. ராஜா×பி5 – பிஷப் ஏ6+, 14. ராஜா×ஏ5 – பிஷப் டி3+. இந்த செக்கைக் கொடுப்பது பிஷப் அல்ல. அது விலகியதும் ஏ8-இல் முதல் மூவிலிருந்து அசையாமல் நிற்கும் யானை கண் திறக்கிறது. 15. ராஜா பி4 – குதிரை ஏ6+, 16. ராஜா ஏ4 – குதிரை பி4+. மறுபடியும் அதே யானை, இந்த முறை குதிரை விலகி. 17. ராஜா×பி4 – சி5 மேட்.

கடைசி அடி ஒரு சிப்பாய். கறுப்பிடம் ராணி இல்லை, இரண்டு குதிரையும் இல்லை. டி3-இலும் டி4-இலும் இரண்டு பிஷப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஏ வரிசையை யானை மூடியிருக்கிறது. வெள்ளை ராஜா ஒன்பது தடவை நகர்ந்து, வீட்டை விட்டுப் பலகையின் மறு ஓரம்வரை நடந்து வந்து செத்தது. இரண்டு வெள்ளை யானையும், சி1 பிஷப்பும், பி1 குதிரையும் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. புதிர் அமைப்பவரின் கை என்பது ஒவ்வொரு மூவிலும் தெரிகிறது. இந்த ஆட்டத்தை முதலில் பார்த்த இரவு பத்துத் தடவையாவது நகர்த்திப் பார்த்திருப்பேன்.

உங்கள் ஆட்டத்தில் எட்டாவது மூவில் அவர் யானையை எடுத்த ஆசையும், 1890-இல் ரைனிஷ் ராணியை எடுத்த ஆசையும் ஒன்றுதான். இந்த டிஃபென்ஸ் அந்த ஆசையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

---

அஞ்சலாட்டக்காரன் பதில்:

நான் மாற்றுக் கருத்துதான் சொல்லப் போகிறேன், வருத்தப்படாதீர்கள்.

உங்கள் ஆசிரியர் சொன்ன விதம் கடுமையாக இருக்கலாம், விஷயம் சரி. 5. பிஷப்×எஃப்7+ ராஜா இ7. இப்போது கணக்குப் பாருங்கள்: ஒரு சிப்பாய் போயிற்று, கேஸ்லிங் (ராஜாவை ஓரமாகப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கும் மூவ்) போயிற்று, உங்கள் ராஜா ராணிக்கு முன்னால் நின்றுகொண்டு எல்லாருக்கும் வழியை அடைக்கிறது. வெள்ளை எதையும் பலி கொடுக்கவில்லை. 1991-இல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் பெல்யாவ்ஸ்கி இதை ஆனந்துக்கு எதிராகவே ஆடினார். ஆனந்த் பிஷப்பால்தான் எஃப்7 வெட்டினார், ஜெயித்தார். தபாலில் மூவ் அனுப்பி ஆடும் அஞ்சல் ஆட்டத்தில் ஒரு மூவுக்கு நாள் கணக்கில் நேரம் இருக்கும். அங்கே எதிராளி குதிரையால் வெட்டுவார் என்று நம்பி யாரும் உட்கார முடியாது.

நாலாவது மூவில் டி5-ஐ விட்டு ஓடியதுதான் எனக்கு வருத்தம். உங்களைக் கொன்றது டி5 இல்லை, அதற்கடுத்த குதிரை×டி5. அங்கே 5... குதிரை ஏ5 போட்டு சி4 பிஷப்பை விரட்டுங்கள். ஒரு சிப்பாய் குறைவுதான், ஆனால் காய்கள் எல்லாம் வெளியே வரும், ராஜாவுக்கு ஆபத்தில்லை.

அது சாதுவாக இருக்கிறது, எனக்குக் கூர்மையாக வேண்டும் என்றால் எஸ்ட்ரின்–பெர்லினர் ஆட்டத்தைப் பாருங்கள், ஐந்தாவது உலக அஞ்சல் சாம்பியன்ஷிப். டூ நைட்ஸில் (மூன்றாவது மூவில் கறுப்பு குதிரை எஃப்6 போடும் இதே தொடக்கத்தில்) எஸ்ட்ரின் அளவுக்கு ஊறியவர்கள் குறைவு, பின்னாளில் அவரே அஞ்சல் உலக சாம்பியனும் ஆனார். அப்படிப்பட்டவரிடம் பெர்லினர் கறுப்பில் அதே டூ நைட்ஸை ஆடினார். 4... டி5, 5. இ×டி5 – பி5, 6. பிஷப் எஃப்1 – குதிரை டி4, 7. சி3 – குதிரை×டி5, 8. குதிரை இ4 – ராணி ஹெச்4, 9. குதிரை ஜி3 – பிஷப் ஜி4, 10. எஃப்3 – இ4! டி4-இல் குதிரை தொங்குகிறது, ஜி4-இல் பிஷப் தொங்குகிறது, அவர் சிப்பாயை முன்னால் தள்ளுகிறார். கறுப்பு வென்றது, பட்டமும் பெர்லினருக்கே. தாக்குதல் வேண்டுமென்றால் இந்த மாதிரி, எதிராளி எதைப் போட்டாலும் பதில் இருக்கும் தாக்குதல் வேண்டும்.

---

ரேபிட்மட்டும் பதில்:

அக்கா, அஞ்சல் அண்ணன் சொல்றது அஞ்சலுக்குச் சரி. நீங்க ஆடுறது 15 நிமிஷ ஆட்டம். அங்கே பிஷப்×எஃப்7+ வந்தா ஆட்டம் முடிஞ்சுபோச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. நானும் டிராக்ஸ்லர்தான் ஆடுறேன், எனக்கு அது அடிக்கடி வருது.

திட்டம் ரொம்ப எளிசு. ராஜா இ7-க்குத்தான் போகணும், எஃப்8-க்குப் போகாதீங்க. எஃப்8 யானைக்கு உள்ள இடம். பிஷப் பி3-க்கோ டி5-க்கோ பின்வாங்கும். நீங்க யானை எஃப்8, டி6, அப்புறம் ராணி இ8. இப்ப டி8 காலியாச்சு இல்லையா, குதிரை டி5-ல வந்து செக் வெச்சா ராஜா அங்கே போய் உட்கார்ந்துக்கும். ஹெச்6 போட்டு ஜி5 குதிரையைக் கிளப்புங்க. அது எஃப்3-க்குப் போனா பிஷப் ஜி4. ராணி ஜி6-க்கோ ஹெச்5-க்கோ வரும். எஃப் வரிசை முழுக்க உங்களுது, அவங்க எடுத்த எஃப்7 சிப்பாய்தான் அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

ஒரு சிப்பாய் குறைவுதான், மறுக்கல. ஆனா வெள்ளை எப்படி ஆடணும்னு தெரிஞ்சவங்க கம்மி. பயப்படுறதுக்குப் பதிலா அந்த நிலையிலேயிருந்து பழகுங்க. வேணும்னா நானே வெள்ளை எடுத்துக்கிறேன், அஞ்சாவது மூவுக்கு அப்புறமா ஆரம்பிச்சு நாலு ஆட்டம் ஆடலாம். சொல்லுங்க.

---

சி5பிஷப் பதில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாலு நாளாக எழுதாததற்குக் காரணம், 1890 ஆட்டத்தை விட்டு நகர முடியவில்லை. ஏ8 யானை இரண்டு தடவை கண் திறக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த மூவைப் போட்டேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் காயைத் தொட்டு ஐந்து வருடம் ஆகிறது. "இந்த சிப்பாயாலயா மேட்?" என்று கேட்டுவிட்டு முதலிலிருந்து மறுபடி வைக்கச் சொன்னாள்.

ரேபிட்மட்டும் தம்பியோடு நாலு ஆட்டமும் ஆடிவிட்டேன், எல்லாமே பிஷப்×எஃப்7+ ராஜா இ7 நிலையிலிருந்து. இரண்டில் தோற்றேன், ஒன்று டிரா, ஒன்றில் ஜெயித்தேன். முதல் தோல்வி அவசரத்தால் வந்தது. ராணி இ8 போடாமலேயே குதிரை டி5 செக் வாங்கி, ராஜாவுக்கு இடமில்லாமல் திணறினேன். ஜெயித்த ஆட்டத்தில் அவர் சொன்னபடியே ராஜா டி8-இல் போய் உட்கார்ந்தது. குதிரை எஃப்3-க்குத் திரும்பியது, பிஷப்பால் ஜி4-இல் கட்டினேன், அவர் எஃப்6-இல் குதிரையை மாற்றிக்கொண்டார், யானையால் திருப்பி வெட்டினேன், ராணியை ஹெச்5-க்குக் கொண்டுவந்தேன். எஃப்3-இன் மேல் யானை, பிஷப், ராணி மூன்றும். யானையை அங்கேயே கொடுத்து, ஜி சிப்பாய் வெட்டியதும் பிஷப்பால் திருப்பி வெட்டினேன். அவர் ராணியைக் கொடுக்காமல் ஜி2-இல் மேட்டைத் தடுக்க முடியவில்லை.

அஞ்சலாட்டக்காரன் சார், நீங்கள் சொன்னதில் எனக்கு வலித்த இடம் "ஓடியது" என்ற வார்த்தை. ஆனால் அது உண்மை. ஒன்பது வயதுப் பையனிடம் தோற்றபோது எந்த மூவில் தோற்றேன் என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. டி5-ஐயே குற்றம் சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டினேன். குதிரை ஏ5-க்கு நோட்டில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் அதை ஆடுவேன். பெர்லினர் ஆட்டத்தில் அந்த இ4 மூவ் எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. டி4 குதிரையை வெட்டினால் பிஷப் டி6 என்று வருவதுவரை தெரிகிறது. அதற்கு மேல் உங்களிடம்தான் கேட்க வேண்டும், தனி இழையாகப் போடுகிறேன்.

எஃப்7காவல் சார், 9... குதிரை டி4-ஐச் சிவப்பு மையில் எழுதிவிட்டேன். அன்றைக்கு ராஜா ஜி1 வந்திருந்தால் நான் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், தோற்றிருப்பேன். அவர் இ3-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஹெச்8 யானையை எடுத்தது அவருடைய தவறு. குதிரை பி4-ஐக் கண்டுபிடித்தது நான். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த ஆட்டம். ஆசிரியரிடமும் இதையே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு 6. ராஜா எஃப்1 நிலையைப் பலகையில் வைத்து, "சரி, இதுக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டார். ராணி இ7 என்றேன். அவர் குதிரை×ஹெச்8 போட்டார், நான் டி5, அவர் இ×டி5, நான் குதிரை டி4. ஒன்பதாவது மூவில் அவர் டி6 என்று சிப்பாயைத் தள்ளினார், அங்கே மாட்டிக்கொண்டேன். இந்த வாரம் முழுக்க அந்த ஒரு நிலைதான்.

அடுத்த மாதப் போட்டியில் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனவரும் வருகிறார். அவர் இந்நேரம் பிஷப்×எஃப்7-ஐப் படித்திருப்பார். எனக்குக் கறுப்பு வந்து, அவர் குதிரையை ஜி5-இல் வைத்தால், நான் பிஷப் சி5 போடுவேன்.